நூற்றைந்து நாள் நெல்

நெல் நடந்த வழி – 16

1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் வேலையைத் தொடங்கியது. தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அரசாங்கம் நெல் கொள்முதல் செய்வதென்றால் முதலில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில் டில்லிக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அதே ஆண்டில், கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையில் இருக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்றொரு ரகத்தை வெளியிட்டது. ஒன்று மாவட்டத்திலிருந்து நெல்லை எடுத்துப்போக வந்தது. மற்றொன்று மாவட்டத்துக்குள் நெல்லைக் கூட்ட வந்தது. அடுத்த பத்தாண்டில் தஞ்சாவூர் பெற்றதற்கும் பட்டதற்கும் இந்த ஆண்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததையும், பர்மா அரிசிக் கப்பல்கள் நின்றுபோனதையும், அதையொட்டி வெள்ளைக்கார அரசு உணவு உற்பத்தியைப் பெருக்கும்படி நாடெங்கும் இயக்கம் நடத்தியதையும் சென்ற இதழில் பார்த்தோம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த இயக்கம் நீடித்தது. அதை ஆராய்ந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு 1952இல் அறிக்கை கொடுத்தது. விளைச்சலை மட்டும் தனியே பிடித்து உயர்த்த முடியாது, கிராம வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கிராம சேவக்குகளும் வட்டார வளர்ச்சி அலுவலகங்களும் நாடெங்கும் பரவியதற்கு அந்த அறிக்கைக்கும் பங்கு உண்டு.

ஏழே ஆண்டில் காற்று திசை மாறியது. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடியைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் உறுதியாக உள்ள மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், ஆலோசனை எல்லாவற்றையும் அங்கே குவியுங்கள் என்றது. 1960–61இல் இந்தத் தீவிர சாகுபடித் திட்டம் ஆரம்பமானது. சென்னை மாகாணத்தில் தஞ்சாவூர், ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி, பீகாரில் ஷாஹாபாத் ஆகியவை முதல் மாவட்டங்கள். லூதியானா, அலிகர், ராய்ப்பூர், பாலி எல்லாம் அடுத்துச் சேர்ந்தன. தஞ்சை விவசாயிகள் அதைச் சுருக்கமாக ‘பாக்கேஜ்’ என்றார்கள்.

இருக்கிற இடத்துக்கே மேலும் கொடு என்கிற இந்த முடிவைப் பற்றி அப்போதே முணுமுணுப்பு இருந்தது. ராமநாதபுரத்து மானாவாரிக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் டில்லிக்கு அவசரம். பி.எல்.480 ஒப்பந்தத்தின்படி வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி ஒரு நாடு எத்தனை காலம் இருக்கும் என்ற கேள்வி நேருவின் காலத்திலேயே எழுந்துவிட்டது. அவசரத்தில் இருப்பவர் ஈரமான நிலத்தைத்தான் தேடுவார்.

தஞ்சாவூரில் ஈரம் இருந்தது. கல்லணையும் அதன் கிளைகளும் முன்பே இருந்தன. 1934இல் மேட்டூர் அணையும் சேர்ந்துவிட்டது. அந்த ஈரமான நிலம் யார் கையில் இருந்தது என்பதைப் பாக்கேஜ் வகுத்தவர்கள் போதுமான அளவு பார்க்கவில்லை. கோயில்கள், மடங்கள், மிராசுதார்கள் பெரும்பகுதியை வைத்திருந்தார்கள். நிலத்தில் இறங்கியவர்கள் குத்தகைதாரர்கள், பண்ணையாட்கள். குத்தகையில் பெரும்பங்கு வாய்மொழிக் குத்தகை. எழுத்து இல்லை, பதிவு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வேண்டுமானால் நிலம் யாருடையது என்று காட்டக் காகிதம் வேண்டும். பாக்கேஜ் மாவட்டங்களின் குத்தகை நிலைமையை ஆராய்ந்த உல்ஃப் லடிஜின்ஸ்கி, நிலத்தின் மேல் உரிமை உறுதிப்படாத ஒருவனிடம் உரத்தில் பணம் போடச் சொல்வது வீண் என்று எச்சரித்தார். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். ஜப்பானில் நிலச்சீர்திருத்தத்துக்கு அமெரிக்கத் தரப்பில் உழைத்தவர், கம்யூனிசத்தை எதிர்ப்பதற்கே நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நம்பியவர். அவர் சொல்லே எடுபடவில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வர 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி விதைக்கு வருவோம். வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பழகி வளர்ந்தவர். ஜப்பானிய நெல் குட்டையாக நிற்கும், உரத்தைத் தாங்கும். நம் நெல் உயரமானது, உரம் கூடினால் சாய்ந்துவிடும், ஆனால் நம் வெயிலுக்கும் நோய்க்கும் பழகியது. இரண்டையும் கலந்தால் என்ன என்பது ராமையாவின் யோசனை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு 1950களின் தொடக்கத்தில் கட்டாக்கில் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் போடப்பட்டு, விதைகள் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை மலடாயின, அல்லது எதற்கும் உதவவில்லை. தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மலேசியாவில் மசூரி தேறியது. ஆடுதுறையில் ஏ.டி.டி. 27 தேறியது. அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பானிய நோரின் 10. மற்றொன்று கோயம்புத்தூர் தந்த ஜி.இ.பி. 24, நம் வீடுகளில் கிச்சிலிச் சம்பா என்று அறிந்த நெல்.

பசுமைப் புரட்சி என்றால் நமக்கு உடனே ஐ.ஆர். 8 நினைவுக்கு வருகிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் உருவான அந்த ரகம் வெளிவந்தது 1966 நவம்பரில். அது வருவதற்கு முன்பே ஏ.டி.டி. 27 தஞ்சை வயலில் நின்றுகொண்டிருந்தது. ஐ.ஆர். 8 போலக் குவித்துக் கொட்டும் நெல் அல்ல இது. இதன் மகிமை வயதில் இருந்தது. 105 நாள்.

அந்த 105 நாளின் பொருள் தஞ்சாவூர்க்காரர்களுக்கு உடனே புரிந்தது. மேட்டூரில் ஜூன் 12 திறக்கும் தண்ணீர் கடைமடை போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாளாகும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். ஜனவரி 28இல் அணை மூடப்படும். இந்த எல்லைகளுக்குள்தான் டெல்டாவின் நெல் ஆண்டு அடங்க வேண்டும். பழைய குறுவை நெல் கூடுதல் நாள் எடுத்தது. அதை அறுத்துவிட்டு இரண்டாம் போகமான தாளடியை நட நேரம் போதாது என்பதால் பல இடங்களில் ஒற்றைச் சம்பாவோடு நின்றுவிடுவார்கள். வேறு சில இடங்களில் குறுவை விதையோடு ஒட்டடையான் விதையைக் கலந்து போடுவார்கள். குறுவை முதலில் அறுபடும், அதே தாளோடு அடிபட்ட ஒட்டடையான் மறுபடி எழுந்து தையில் கதிர் தரும். உடுப்பயிர் என்று அதற்குப் பெயர். ஒரே உழவு, ஒரே நடவு, இரண்டு அறுவடை. விளைச்சல் குறைவுதான், ஆனால் ஆளும் மாடும் மூச்சுவிட நேரம் இருந்தது.

ஏ.டி.டி. 27 பத்துப் பதினைந்து நாளை மிச்சப்படுத்தியது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் இரண்டாவது போகம் நுழைந்தது. ஆகவே தஞ்சையில் நடந்தது முதலில் நாள்காட்டியில் நடந்த மாற்றம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது அதற்கு அடுத்ததுதான். சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்த காலம் அது. மாநில அரசு முழு வேகத்தில் இந்த நெல்லைப் பரப்பியது. மேடைப் பேச்சு, விதைப் பண்ணை, உரக்கிடங்கு என்று மாவட்ட நிர்வாகமே ஒரு விதைக்காக இயங்கியது. அப்படி இயங்கியதற்குப் பலனும் கிடைத்தது. இரண்டு போகம் எடுக்கும் நிலம் சில ஆண்டுகளில் வேகமாகப் பெருகியது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் இதைத் தவறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1965–66 கடும் வறட்சி ஆண்டு. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து 1970–71ஐப் பார்த்தால் எல்லாமே பாய்ந்து எழுந்ததுபோலத் தெரியும். நல்ல மழை பெய்த 1964–65ஐ வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டின் கோதுமை சுமார் 1.23 கோடி டன், 1970–71இல் 2.38 கோடி டன். ஏறத்தாழ இரட்டிப்பு. நெல் 1964–65இல் சுமார் 3.93 கோடி டன் அரிசி, 1970–71இல் 4.22 கோடி டன். பஞ்சாபின் கோதுமைக்கு நடந்தது அந்த ஆறாண்டில் நாட்டின் நெல்லுக்கு நடக்கவில்லை. அதனால்தான் தஞ்சாவூரின் கதையைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே மாறியது மகசூலை விட வேலையின் ஒழுங்கு.

முன்பு ஆனி, ஆடியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் தையிலும் எனப் பரவிக் கிடந்த வேலை இப்போது ஒரு சில வாரங்களில் வந்து குவிந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு வயலில் குறுவை முற்றி நிற்கும். அடுத்த நாற்றங்காலில் தாளடி நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். வடகிழக்கில் மேகம் கட்டும். குறுவையை அறுத்து, கட்டி, அடித்து, தூற்றி, நிலத்தை உழுது, சேறு கலக்கி, நாற்றைப் பறித்து நட்டு முடிக்க வேண்டும். இதில் ஒரு வாரம் தவறினால் இரண்டு போகத்துக்கும் நட்டம். இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டால் மிராசுதாருக்கு என்ன ஆகும்? இது பண்ணையாட்களுக்கும் தெரிந்தது.

பண்ணையாள் முறைக்கு எதிரான போராட்டம் இந்த நெல்லோடு தொடங்கியதில்லை. சாட்டையடி, சாணிப்பால் என்ற கொடுமைகளுக்கு எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் 1940களிலேயே கிழக்குத் தஞ்சையில் சங்கம் கட்டிவிட்டார்கள். 1952இல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தால்தான். அந்தச் சட்டத்தின் பக்க விளைவு விசித்திரமானது. பண்ணையாளை வெளியேற்ற முடியாது என்று சட்டம் சொன்னதும், பல மிராசுதார்கள் பண்ணையாள் என்ற உறவையே ஒழித்துவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிகளாக்கிக்கொண்டார்கள். அடிமைத்தனம் குறைந்தது. கூடவே, நெல் இல்லாத மாதங்களில் கிடைத்த அரைவயிற்றுக் கஞ்சிக்கான பழைய பொறுப்பும் போனது. கூலி கிடைக்கும் நாளில்தான் சோறு.

இந்த நிலையில்தான் புதிய நெல் வந்தது. வேலை நாட்கள் கூடின, அதுவும் பெண்களுக்கு நடவும் களையெடுப்பும் கூடின. அறுவடைக் கூலி எத்தனை மரக்கால் என்பதில் பேரம் பேசும் வலு முதல்முறையாகத் தொழிலாளிக்கு வந்தது. விலை ஏறிய காலம் அது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது என்றால், அரிசி விலை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நெல்லை விற்பவருக்கு லாபம். நெல்லை அறுப்பவர் அந்த லாபத்தில் பங்கு கேட்டார். மிராசுதார்கள் கண்ட பதில், வெளியூரிலிருந்து ஆள் இறக்குவது. உள்ளூர்ச் சங்கம் மறித்தது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலக்காரர்கள் திரண்டார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்ற மிரட்டல்கள் வந்தன.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித்துகள். 1970இல் கீழ்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட நிலக்காரர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. தமிழ்நாட்டு நீதிமன்ற வரலாற்றில் இவ்வளவு வெட்கக்கேடான தர்க்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

கீழ்வெண்மணிக்குக் காரணம் ஏ.டி.டி. 27 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சாதியைக் காப்பாற்றும் வாதம். விதை யாரையும் கொளுத்தவில்லை. சேரியில் இருப்பவன் நிமிர்ந்து நின்று கூலி கேட்பதைத் தாங்க முடியாத சாதி ஆதிக்கம்தான் கொளுத்தியது. ஆனால் அந்த நிமிர்வுக்கு வலுக்கொடுத்த பொருளாதாரக் காரணங்களில் அறுவடை நெருக்கடியும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. டில்லிக்கும் அது தெரிந்தது. 1969இல் மத்திய உள்துறை அமைச்சகம் நாட்டின் விவசாயப் பதற்றங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. புதிய சாகுபடி முறையின் பலன் ஒருதரப்பாகச் சேர்வதே பதற்றத்தை வளர்க்கிறது என்று அது சொன்னது. பாக்கேஜ் மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்து 1971இல் புத்தகம் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல், தஞ்சாவூரையும் எடுத்துக்கொண்டு இதையே விரிவாகச் சொன்னார்.

கீழ்வெண்மணிக்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. கணபதியா பிள்ளை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தரப்படுத்தப்பட்ட ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம், மிராசுதாரின் கொல்லையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. என் கணக்கில் இவற்றில் கடைசியானதுதான் பெரியது. பதினைந்து ஏக்கர் சட்டத்தைப் பினாமிப் பத்திரங்கள் தின்றுவிட்டன. மனைச் சட்டத்தால், கூலி கேட்டதற்காக இரவோடிரவாகக் குடிசையைப் பிரித்து எறிவது நின்றது.

இதனால் கூலிக்காரரின் தட்டில் சோறு கூடியதா? மானுடவியலாளர் காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர். 1976இல் அதே கிராமங்களுக்குத் திரும்பினார். உற்பத்தி உயர்ந்திருந்தது. நிலமற்றவர்களும் பெருகியிருந்தார்கள். அவர்கள் வாழ்க்கை அந்த அளவுக்கு உயர்ந்துவிடவில்லை என்பதே அவர் கண்டது. வட ஆற்காட்டை ஆராய்ந்த பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் வேறு முடிவுக்கு வந்தார்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலான பத்தாண்டில் சிறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும்கூட வருமானம் கூடியது என்றார்கள். இரு தரப்பையும் பொய்யென்று தள்ள முடியாது. ஒரு மாவட்டம் ஆற்றுப் பாசனம், பெரிய நிலக்காரர்கள். மற்றது கிணற்றுப் பாசனம், சிறு நிலக்காரர்கள். ஒரே விதை இரண்டு நிலங்களில் இரண்டு விதமாக விளைந்தது.

வேலைக்கு அடுத்தபடி அந்த 105 நாள் மழையோடு மோதியது. தண்ணீர் தாமதமாக வந்த ஆண்டில், கடைமடையில் நட்ட குறுவை அக்டோபர் மழைக்குள் அறுவடைக்கு வரும். பழைய காலத்தில் மார்கழி கழிந்து தையில் அறுக்கும் சம்பாவுக்குக் களம் காய்ந்து கிடக்கும். குறுவைக்குக் களமே சேறு. நனைந்த நெல் சில நாளில் முளைவிட்டுவிடும், அல்லது புழுங்கி நிறம் மாறும். இப்படிக் கோடிக்கணக்கான ரூபாய் நெல் வீணாகப் போவதைத் தடுக்க 1967இல் திருவாரூரில், தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுவே பிறகு நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு மாறி, இன்று மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், ஐப்பசி வந்தால் நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியல் தார்பாய்க்குள் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தளர்த்தக் கோரித் தமிழக அரசு டில்லிக்குக் கடிதம் எழுதுவது அநேகமாக ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு.

இரண்டு போகம் என்றால் பூச்சிக்கும் இரண்டு போகம். சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்து வெடித்தபோது பூச்சியும் அழிந்தது. ஆனியிலிருந்து மாசி வரை பச்சை நிற்கும்போது அதற்கு இடைவெளியே இல்லை. தழைச்சத்து கூடிய இளந்தாள் என்றால் தத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் விருந்து. ஆகவே பாக்கேஜின் மூன்றாவது பொருள் முன்னுக்கு வந்தது. எண்ட்ரின், பி.எச்.சி., ஃபோலிடால். இந்த மருந்துகளின் ஆபத்து தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. 1958இல் கேரளத்தில், ஃபோலிடாலோடு ஒரே கப்பலில் வந்து நஞ்சு பட்ட கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையொட்டி நடந்த விசாரணையின் விளைவாக வந்த பூச்சிமருந்துச் சட்டம் 1968இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட பத்தாண்டிலும் அதன் பிறகும் மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல் மருந்தடித்தவர்கள் பண்ணையாட்கள். எண்ட்ரினை இந்தியா தடை செய்தது 1990இல், பி.எச்.சி.யை 1997இல்.

எண்ட்ரின் மீனுக்கு எமன். இதை ஒரு சுற்றுச்சூழல் குறிப்பாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. வயல் நண்டும் நத்தையும் குறவையும் கெண்டையும் சேரிக் குடும்பங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த கறி. வாய்க்கால் வற்றும் மாதங்களில் பிள்ளைகள் கூடையோடு போய்ப் பிடித்து வந்தவை. நெல் உற்பத்தியைக் கணக்கிட்ட எந்த அதிகாரியும் வயலில் இருந்து காணாமல் போன நண்டைக் கணக்கில் கழிக்கவில்லை. வைக்கோலும் அப்படித்தான். நெட்டை நெல்லின் வைக்கோல் மாட்டுக்குத் தீனி, குடிசைக்குக் கூரை. நெல் குட்டையாகக் குட்டையாக அதுவும் குறைந்தது. குறுகிய நேரத்தில் உழ வேண்டிய நெருக்கடியால் டிராக்டரும் வந்தது, மாடு குறைந்தது, மாட்டோடு எருவும் குறைந்தது. கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழ நாள் ஏது? யூரியா மூட்டை பிரித்துக் கொட்டினால் போதும். 1971இல் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு மூட்டைக்கும் பஞ்சமில்லை.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்த தஞ்சை மாவட்டத்து இளங்காடு கோ. நம்மாழ்வார் 1969இல் அந்த வேலையை விட்டார். கரிசல் மானாவாரி நிலத்தில், கடன் வாங்கி உரம் போடச் சொல்லும் ஆராய்ச்சியால் யாருக்குப் பயன் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு செவிசாய்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் திரட்டிய பாரம்பரிய நெல் ரகங்கள் 174. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று மீண்டும் கடைகளில் கிடைப்பதற்கு அவர்தான் முக்கியக் காரணம். ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அரிசியின் இன்றைய விலையில் கீழ்வெண்மணிப் பக்கத்துக் கூலிக் குடும்பம் அதை வாங்கித் தின்ன முடியாது. பழைய நெல்லைப் பற்றி உருகுகிறவர்கள் 1966ஆம் ஆண்டின் ரேஷன் வரிசையை மறந்துவிட்டுப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாகத் தண்ணீர். இதுவே மிகப் பெரிய விலை என்று நினைக்கிறேன். சம்பாவுக்குப் பாதி நீரை வடகிழக்கு மழை தந்துவிடும். குறுவைக்கு அந்த வசதி இல்லை. குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து, கர்நாடக அணைகள் நிரம்பி வழிந்து, மேட்டூர் வந்த பிறகுதான் குறுவைக்கு உயிர். அதாவது தஞ்சாவூர் தன் இரண்டாவது போகத்தை, மேலே இருப்பவர் மனசையும் மழையையும் நம்பி நட்டது. அதே ஆண்டுகளில் மேலே இருந்தவர்களும் உணவு உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்தன. டில்லி இரண்டு மாநிலங்களையும் கூடுதலாக விளைவிக்கச் சொன்னது, ஒரே ஆற்றை வைத்துக்கொண்டு. 1924 காவிரி நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலக்கெடு 1974இல் முடிந்தது. நடுவர் மன்றம் 1990இல் வந்தது, இறுதித் தீர்ப்பு 2007இல். தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018இல் உச்சநீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது.

இடையில் டெல்டா கீழே துளைபோடத் தொடங்கியது. ஆற்று மணலுக்கு அடியில் ஃபில்டர் பாயின்ட் இறக்கி நாற்று விடுவது வழக்கமானது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசமான பிறகு மோட்டாருக்கு ஓய்வில்லை. கரையோரத் தாலுகாக்களில் அந்தத் தண்ணீரும் உப்புக் கரிக்கிறது. ஃபில்டர் பாயின்ட் வைத்தவன் ஜூனில் குறுவை நடுகிறான். வைக்காதவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாக்கேஜ் காலத்தில் காகிதம் இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் இருந்த வித்தியாசம் இப்போது குழாய் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஆனது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. ஏ.டி.டி. 27ஐ இன்று யாரும் பயிரிடுவதில்லை. அதன் இடத்தை ஏ.டி.டி. 36ம் அதன் பின்வந்த ஆடுதுறை ரகங்களும் பிடித்துக்கொண்டன. ஆனால் அது வகுத்துக்கொடுத்த நாள்காட்டி அப்படியே இருக்கிறது. நெல்லைக் கூட்டியதற்காக ஆடுதுறைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு, ஆற்றில் பங்கு என்ன என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் விதையை மட்டும் முதலில் அனுப்பியவர்கள் டில்லியிலும் சென்னையிலும் இருந்தார்கள். குறை அவர்களுடையது.

அடுத்த இதழில் வட ஆற்காட்டுக்குப் போகிறோம். அங்கே மேட்டூரும் இல்லை, மிராசுதாரும் இல்லை. கிணறு இருந்தது, 1970களில் அதன் ஆழம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது.

(தொடரும்)